மீட்டர் ஏறாத வண்டி

கையை நீட்டி வண்டியை நிறுத்திய போலீஸ்காரர், அது நின்ற பிறகு, அதன் முன்பக்கம் போவதா பின்பக்கம் போவதா என்று நடுரோட்டிலேயே சற்று யோசித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அவரை நோக்கி வந்திருந்த சிவப்புக் கார் அது. இரண்டே கதவு, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. காரின் முகத்துக்கு எதிரே, அதை விரட்டிக்கொண்டு வந்ததுபோல் ஒரு மொபெட். மொபெட்காரர் வலது கையில் ஹாண்டில்பாரையும் இடது கையில் பனையோலை விசிறியையும் பிடித்திருந்தார். கார் நின்ற பிறகும் அதன் மூக்குக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா டிரைவர்?"

"நானுங்க" என்று இறங்கினார் நாச்சிமுத்து. இறங்கிய பிறகும் அவருடைய கழுத்து பின்னால் திரும்பியபடியே இருந்தது.

"எங்கிருந்து வர்றீங்க?"

"அங்கலகுறிச்சியில இருந்துங்க."

"ரிவர்ஸ்லயேவா?"

"போறப்ப நேராத்தானுங்க போனோம்."

"முன் கியர் விழுகறதில்லையா?"

"அதெல்லாம் வெண்ணெயாட்ட விழுகுதுங்க."

"அப்பறம் என்னய்யா?"

"மீட்டர் ஏறிருமுங்க."

போலீஸ்காரர் காருக்குள் குனிந்து பார்த்தார். முன் இருக்கையில் நாச்சிமுத்துவின் மனைவி தனபாக்கியம் கிலோமீட்டர் எண்களின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால், ஒரு ஆள் மடங்கினால் மட்டும் கொள்கிற இடத்தில், தனபாக்கியத்தின் தம்பி ஆறுக்குட்டி பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். வழியில் வருவதை எல்லாம் உரக்கச் சொல்வது அவர் வேலை. அப்போதும் "போலீஸ்காரர், ஒரு வேப்பமரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த விசிறி எதுக்கு?"

மொபெட்டில் இருந்த மயில்சாமி, விசிறுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "முன்னால காத்துப் பட்டாத்தான் இஞ்சின் சூடாகாதுன்னு வண்டிக்கார அய்யா சொல்லியிருக்காருங்க. பின்னால போறப்ப முன்னால காத்து எப்படிப் படுமுங்க?"

போலீஸ்காரர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். எந்தக் குற்றத்தில் இவர்களைச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இடது ஓரமாகத்தான் வந்தார்கள். வேகமும் இல்லை. கடைசியில், "எதிர்ல வர்றவனுக்கு இது போகுதா வருதான்னு தெரிய வேண்டாமா? பார்த்ததும் புரியற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க, போங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரின் பின்புறம் 'வருகிறோம்' என்று ஒரு பலகையும் முன்புறம் 'போகிறோம்' என்று ஒரு பலகையும் தொங்கின. போகிற வழியில் இரண்டு பலகைகளும் பொய் சொல்வதைத் தனபாக்கியம்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து போகும்போது ஒரு மாதிரியும், அங்கலகுறிச்சியில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது வேறு மாதிரியும் மாற்றி மாட்டினார்கள்.

இவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னவர் ரத்தினசபாபதி.

ரத்தினசபாபதி ஒரு காலத்தில் சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர். இந்த ஜப்பான் வண்டியை அவர் வாங்கி முப்பது வருஷம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பானெட்டிலிருந்து எழுந்து பார்க்கிற விளக்குகள் அதற்கு. இப்போது வலது கண் முழுதாக எழும், இடது கண் பாதி எழுந்து தூக்கக் கலக்கத்தில் நிற்கும். வயதான ரேஸ் வண்டியை வைத்திருப்பது என்பது, ஓட்டுவது கொஞ்சமும் அதன் அடியில் படுத்துக் கிடப்பது நிறையவுமாக ஒரு பொழுதுபோக்கு. ரத்தினசபாபதி அதை ரசித்துச் செய்தார். மகளோடு ஒரு வருஷம் இருப்பதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டி வந்தபோது, வண்டியை யாரிடம் விடுவது என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. கோயமுத்தூரில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய கார்களைக் கண்ணாடி அறைக்குள் விளக்குப் போட்டு வைப்பவர்.

நாச்சிமுத்து எதுவும் கேட்கவில்லை. கோட்டூர் ரோட்டில் தேங்காய் நார் மில் வைத்திருந்த அவர், இருபது வயதிலிருந்து இந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டு வந்தவர். சாயங்காலம் அது வளைவு திரும்புவதற்கு முன்பே, பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு மில் வாசலுக்கு வந்துவிடுவார். கடந்து போன பிறகும் சித்த நேரம் நிற்பார். இதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதாக யாருக்கும் தெரியாது. அப்படி நின்ற ஆளை ரத்தினசபாபதி கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருந்தார்.

வண்டியை மில்லின் கொட்டகையில், மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டு, நான்கு பேரையும் நிற்கவைத்து அவர் சொன்னார்:

"வாரத்துக்கு ஒரு தடவை நல்லா ஓட்டணும். முன்னால காத்துப் படணும், சூடாகக் கூடாது. வண்டி என்ன சொல்லுதுன்னு காது கொடுத்துக் கேக்கணும். நான் வந்து பார்ப்பேன். நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருந்ததுன்னா வண்டி உன்றது முத்து. இல்லைன்னா கோயமுத்தூர்க்காரருக்குப் போன் போட்டிருவேன்."

சொல்லிவிட்டு, தின்றுகொண்டிருந்த கொய்யாப்பழத்தின் மிச்சத்தை டாஷ்போர்டில் மறந்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

நால்வரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"விட்டுட்டுப் போன மாதிரியேன்னா, எல்லாமுமா?" என்றார் ஆறுக்குட்டி.

"மாதிரியே-ன்னு ஏகாரம் போட்டுச் சொன்னாரு மாப்ளே. எல்லாமும்தான்" என்றார் நாச்சிமுத்து.

உடனே மீட்டரைப் பார்த்தார்கள். கடைசி எண் ஏழில் பாதியும் எட்டில் பாதியுமாக நின்றிருந்தது.

"வாரா வாரம் ஓட்டணும். இதுவும் இப்படியே நிக்கணும். ஏனுங்ணா, ரெண்டும் எப்படி ஆகும்?" என்று மயில்சாமி கேட்டார். மயில்சாமிக்குப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடிகாரக் கடை. எல்லாவற்றையும் முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கேட்டுவிட்டு, அவரே பதிலையும் சொன்னார். "பின்னால போனா எறங்கணுமே?"

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து, வாசல் வரை போய், அப்படியே பின்னால் வந்தார். தனபாக்கியம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் எட்டும் கொஞ்சம் நகர்ந்து, பிறகு மனம் மாறியதுபோல் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றன.

"டயர் தேயுமே?" என்றார் ஆறுக்குட்டி.

"போறப்பத் தேய்ஞ்சது வர்றப்ப ஒட்டிக்கும்" என்றார் நாச்சிமுத்து. அதை யாரும் மறுக்கவில்லை.

இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

காது கொடுத்துக் கேட்கும் வேலையை முறை போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் மில் நின்றதும் ஒருவர் பானெட்டில் காதை வைத்துக் குனிந்து நிற்பார். மற்றவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள்.

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்ணா" என்று மயில்சாமி வருத்தத்தோடு நிமிர்வார்.

"நீங்க ஏதாச்சும் கேட்டீங்களா?" என்று தனபாக்கியம் விசாரித்தார்.

"இல்லீங்கக்கா."

"கேக்காம அது எப்படித் தானா வந்து சொல்லும்? ஒறம்பரையா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாக்கூட நம்மளைக் கேட்டாத்தானே பேசறோம்."

மறுநாள் தனபாக்கியம் குனிந்து, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுக் காதை வைத்தார். உள்ளே எங்கோ ஆறிக்கொண்டிருந்த இரும்பு 'டிக்' என்றது. சௌக்கியம்தானாம் என்று எல்லோரிடமும் சொன்னார். நாச்சிமுத்து அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

கொய்யாப்பழம்தான் படுத்தியது. நாலாம் நாளே கருத்துவிட்டது. அதே அளவில் புதிதாக ஒரு பழம் வாங்கி வந்து, அதே இடத்தில் அதே மாதிரி கடித்து வைப்பதென்று முடிவாயிற்று. மயில்சாமி கடித்தால் முன்பல் சந்து நடுவில் ஒரு கோடு விட்டது. ஆறுக்குட்டி ருசியில் மெய்மறந்து முழுப் பழத்தையும் தின்றுவிட்டார். நாச்சிமுத்து, வண்டியில் வைக்கிற பொருளைக் கடிக்க மனம் வராமல், பழத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தனபாக்கியம் கடித்ததுதான் ரத்தினசபாபதி கடித்ததுபோல் அகலமாக, அலட்சியமாக இருந்தது. அதன் பிறகு அந்தப் பொறுப்பு அவருடையதாயிற்று.

இதெல்லாம் சின்ன விஷயம். வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது ரத்தினசபாபதி காலத்திலிருந்தே உள்ள வழக்கம். ஒரு நாள் ஆறுக்குட்டி, வேறொன்றைத் தேடி அடியில் படுத்தபோது, கைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போல்ட்டைச் சும்மா முறுக்கிவிட்டார். சொட்டுவது நின்றுவிட்டது.

மறுநாள் காலை நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"யாரு பண்ணின வேலை இது?" என்று கேட்டார்.

"கை பட்டுருச்சுங்க மாமா" என்று ஆறுக்குட்டி அழுகிற மாதிரி ஆகிவிட்டார்.

"பாவி. முப்பது வருஷமா ஒழுகின வண்டியை ஒரே நாள்ல ஒழுகாமப் பண்ணிட்டியே."

போல்ட்டைத் தளர்த்தினார்கள். இப்போது சொட்டவில்லை, ஒழுகியது. முறுக்கினால் நின்றது. அய்யா விட்டுப்போன சொட்டு என்ன வேகத்தில் விழுந்தது என்று நான்கு பேரும் கண்ணை மூடி ஞாபகப்படுத்திப் பார்த்தார்கள். மயில்சாமிக்குத்தான் கடிகார ஞானம். 'முருகா' என்று நிதானமாக ஒருமுறை சொல்லி முடித்தால் ஒரு சொட்டு என்றார் அவர். அன்று சாயங்காலம் வரை ஆறுக்குட்டி அடியில் படுத்து ஸ்பானரைத் திருப்ப, மேலே மூன்று பேரும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் கைகூப்பி நின்றுவிட்டுப் போனார்.

மாதங்கள் போயின. வண்டி வாரா வாரம் அங்கலகுறிச்சிக்கு நேராகப் போய்ப் பின்னால் வந்தது. நாச்சிமுத்துவின் கழுத்து இடது பக்கம் திரும்புவதை மறந்துவிட்டது. ஊர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள். பஸ் டிரைவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பெண் பார்க்கப் போகிற வேன் ஒன்று மட்டும் இதைப் பார்த்துச் சகுனம் சரியில்லையென்று திரும்பிப் போனதாகக் கேள்வி.

ரத்தினசபாபதி வரும் வாரம் ஒரு சந்தேகம் எழுந்தது. எழுப்பியவர் தனபாக்கியம்.

"எல்லாம் சரிங்க. ஆனா வண்டிக்கு ஒரு வயசு கூடிருச்சே. அதை எப்படிக் குறைக்கறது?"

நாச்சிமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இதை எப்படி யாருமே யோசிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் மற்றவர்களைக் குற்றம்சாட்டுவதுபோல் பார்த்தார்கள்.

"அய்யாவுக்கும் ஒரு வயசு கூடியிருக்குமே" என்றார் மயில்சாமி மெதுவாக. "ரெண்டையும் கழிச்சாச் சரியாப் போயிருது."

நாச்சிமுத்து அவரைக் கட்டிக்கொண்டார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஓட்டம். அங்கலகுறிச்சியில் டீ குடித்து, பலகைகளை மாற்றி மாட்டிவிட்டு, நாச்சிமுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டார். உள்ளே யாரோ சரளைக்கல்லை அள்ளி மெல்லுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வண்டி நகரவில்லை. இன்னொரு முறை போட்டார். இன்னும் கொஞ்சம் சரளைக்கல்.

மற்ற கியர்கள் எல்லாம் வெண்ணெய்தான். நேராகத் திருப்பி ஓட்டினால் அரை மணியில் வீடு.

"நேராப் போனா ஏறிருமே" என்றார் நாச்சிமுத்து. முகம் வெளுத்திருந்தது. "நாளைக்கு அய்யா வர்றாரு. இந்நேரம் பார்த்து..."

"ரிவர்ஸ் போயிருச்சே மாமா, அதுவே விட்டுட்டுப் போன மாதிரி இல்லையே?"

இதுவும் நியாயமான கேள்வியாக இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். தனபாக்கியம்தான் தீர்த்துவைத்தார். "அய்யா வண்டியை எந்த கியர்ல விட்டுட்டுப் போனாரு? நியூட்ரல்ல. நியூட்ரல் நல்லாத்தானே இருக்குது?"

நியூட்ரலைப் போட்டுப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

தேங்காய் இறக்கிவிட்டுக் காலியாக வந்த டிராக்டர் ஒன்றை ஆறுக்குட்டி கைகாட்டி நிறுத்தினார். காரின் பின்பக்கம் கயிறு கட்டி இழுக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

"முன்பக்கம் கட்டினா ஸ்டியரிங் பிடிக்கச் சுலபமுங்களே" என்றார் டிராக்டர்காரர்.

நால்வரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். வண்டி வைத்துப் பழகாத ஆள் என்று விட்டுவிட்டார்கள்.

இஞ்சின் ஓடவில்லை, சூடாக வழியில்லை. ஆனாலும் மயில்சாமி விசிறிக்கொண்டே வந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். வழியில் ஒரு பாலத்தில் வேலை நடந்தது. டிராக்டர்காரர் கேட்காமல் கொள்ளாமல் தோப்புகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மில் வாசலில் வந்து நின்றபோது தனபாக்கியம் வீறிட்டார். மீட்டர், ரத்தினசபாபதி விட்டுப்போன எண்ணைத் தாண்டிக் கீழே போயிருந்தது.

"அய்யோ, அவரு நிறுத்தினதுக்கு முந்தியே போயிட்டோமே" என்றார் மயில்சாமி. கடிகாரக்காரர் என்பதால் அது அவரை அதிகமாகப் பாதித்தது.

நார் காயப்போடும் களத்தில் நாச்சிமுத்து சுற்றிச் சுற்றி ஓட்டினார். செக்குமாடு மாதிரி வண்டி சுற்ற, தனபாக்கியம் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து, ஏழும் எட்டும் பாதிப் பாதியாக வந்த நொடியில் "நில்லுங்க!" என்று கத்தினார். வண்டி களத்தின் நட்டநடுவில் நின்றது. கொட்டகை அந்தக் கோடியில் இருந்தது. இனி ஒரு அடி உருட்டினாலும் எண் நகரும்.

மில்லில் வேலை செய்கிறவர்களை எல்லாம் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மூங்கில்களை அடியில் கொடுத்து, கோயில் சப்பரம் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தார்கள். மூக்கு வாசலைப் பார்த்தபடி. சூரியன் விழுகிற நேரம். பழக்க தோஷத்தில் ஒரு பெண் தேங்காய் கூட உடைத்துவிட்டார்.

*

ரத்தினசபாபதி காலையில் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். "அய்யாவுக்கு ஒரு வயசு கூடித்தான் இருக்குது" என்று மயில்சாமி ஆறுக்குட்டியின் காதில் சொன்னார். இருவரும் நிம்மதி அடைந்தார்கள்.

அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பெயிண்டைத் தடவிப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார்.

"இன்னும் ஒழுகுதா?"

"அதே ஒழுக்குத்தானுங்கய்யா."

"ஒரு போல்ட்டை முறுக்கியிருந்தா நின்னிருக்குமே."

"நின்னுச்சுங்க. நாங்க பதறிப்போயி மறுபடி ஒழுக வெச்சோம்."

ரத்தினசபாபதி நிமிர்ந்து நாச்சிமுத்துவைப் பார்த்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். டாஷ்போர்டில் கொய்யா.

"இது என்ன?"

"அய்யா வெச்சுட்டுப் போனதுங்க."

"இது இன்னிக்குக் கடிச்சதாட்ட இருக்குதே?"

"இன்னிக்குக் கடிச்சதுதானுங்க. காலைல அக்கா கடிச்சுது" என்றார் ஆறுக்குட்டி பெருமையாக.

இதையும் அவர் அப்படியே விட்டிருப்பார். அப்போதுதான் மீட்டரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் மலர்வதற்குப் பதில் இருண்டுகொண்டே போயிற்று.

"ஓட்டவே இல்லையா?"

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை.

"ஏழும் எட்டும் நான் விட்ட இடத்துலயே நிக்குது. ஒரு வருஷம் ஒரே இடத்துல போட்டு வெச்சிருக்கீங்க. ஏய்யா, கண்ணாடி ரூம்ல வெக்கறதுக்கா உங்ககிட்டக் கொடுத்தேன்? அதுக்குக் கோயமுத்தூர்க்காரரே போதுமே. இது ஓடற வண்டிய்யா. நிறுத்தி வெச்சாச் செத்துப்போகும்." பையிலிருந்து போனை எடுத்தார். "உன்னைப் பார்த்துத்தான் முத்து நான் நம்பிப் போனேன்."

"வாரா வாரம் ஓட்டினோமுங்கய்யா" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

"இல்லீங்கய்யா. போறப்ப ஏறுச்சுங்க. வர்றப்ப எறங்குச்சுங்க."

ரத்தினசபாபதி போனில் பெயரைத் தேடிக்கொண்டே, இன்னொரு கையால் சாவியைத் திருப்பினார். ஒரு வருஷம் கிடந்த வண்டி எப்படி இழுத்து இழுத்து இருமும் என்று அவருக்குத் தெரியும். அதை இவர்களுக்குக் கேட்கச் செய்ய வேண்டும் என்று நினைத்தார்.

தொட்டதும் பிடித்துக்கொண்டது. தினமும் எழுந்து குளிக்கிற ஆளின் குரல். போனில் இருந்த விரல் நின்றது. கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் போட்ட இடத்தில் விழுந்தன. பிறகு ரிவர்ஸ். கொட்டகை முழுக்கச் சரளைக்கல் சத்தம்.

வாழ்நாளில் முன் கியர்கள் தேய்ந்த வண்டிகள் எத்தனையோ பார்த்தவர் அவர். ரிவர்ஸ் மட்டும் தேய்ந்து தீர்ந்த வண்டியை அன்றுதான் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் கழுத்தைப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த 'வருகிறோம்' பலகையைப் பார்த்தார்.

"எங்க வரைக்கும் போவீங்க?" என்று கேட்டார் கடைசியில்.

"அங்கலகுறிச்சிங்க."

"அங்கிருந்து..."

"ஆமாங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏறுங்க" என்றார்.

நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஆள் கொள்கிற இடத்தில் அக்காவும் தம்பியும் நெருக்கி மடங்கிக்கொண்டார்கள். மயில்சாமி மொபெட்டில் பின்தொடர்ந்து, இன்று எந்தப் பக்கம் விசிறுவதென்று தெரியாமல் விசிறியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டி வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது. ரத்தினசபாபதி மிதித்தார். முப்பது வருஷமாக வாசலில் நின்று கேட்ட சத்தத்தை நாச்சிமுத்து அன்று உள்ளேயிருந்து கேட்டார். ரத்தினசபாபதி, மகிழ்ச்சியில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், டாஷ்போர்டில் இருந்த கொய்யாவை எடுத்து மீதியைக் கடித்துத் தின்றார். பின் இருக்கையில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

வாய்க்கால் பாலத்தருகே ஓரம் கட்டி நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். சாவியை நீட்டினார்.

"வண்டி உன்றது முத்து."

நாச்சிமுத்துவின் கை எழும்பவில்லை. அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்கய்யா" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஏறிருச்சுங்க."

"என்ன ஏறிருச்சு?"

"மீட்டருங்க. எட்டு முழுசா வந்து ஒம்பதும் தெரியுதுங்க. விட்டுட்டுப் போன மாதிரி இல்லீங்களே இப்ப."

"ஓட்டினது நான்தானேய்யா!"

"யாரு ஓட்டினாலும் ஏறினது ஏறினதுதானுங்களே" என்றார் ஆறுக்குட்டி.

"கொய்யாவையும் தின்னுட்டீங்க" என்றார் தனபாக்கியம். "அது பரவாயில்லீங்க, வீட்டுல இன்னும் ரெண்டு இருக்குது."

"நானே சொல்றேன் முத்து. எடுத்துக்க."

"அய்யா இப்பச் சொல்றது பாசத்துல சொல்றதுங்க. அன்னிக்குச் சொன்னதுதானுங்க பேச்சு. பேச்சை மீறி வாங்கினா நாளைக்கு அந்தச் சத்தத்தை நான் எந்த மூஞ்சியோட கேப்பேனுங்க?"

ரத்தினசபாபதி நால்வரின் முகங்களையும் பார்த்தார். அவற்றில் வாதத்துக்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை. மில் இருக்கும் திசையைப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர் இருக்கும், நல்லவேளை மேடில்லை. சாவியைத் தனபாக்கியத்தின் கையில் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் முன்னால் போய், சூடான பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

அவருக்கு ஒரு பக்கம் நாச்சிமுத்துவும் இன்னொரு பக்கம் ஆறுக்குட்டியும் மயில்சாமியும் சேர்ந்துகொண்டார்கள். தனபாக்கியம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, நியூட்ரல் போட்டு, எண்ணின் மேல் கண்ணை வைத்தார். வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது.

"எறங்குதா அம்மிணி?" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"எறங்குதுங்க!"

அவர்களுக்குப் பின்னால் வால்பாறை பஸ் வந்து ஹாரன் அடித்தது. ரத்தினசபாபதி தலையைத் திருப்பாமல், இடது கையால் தள்ளிக்கொண்டே, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முந்திப் போகச் சொல்லி வீசிக் காட்டினார்.